மில் நிலம், சால், தாராவி: மும்பை மாறியபோது யார் அங்கேயே தங்கினார்கள்?

மும்பை லோயர் பரேல் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தால் பழைய ஃபீனிக்ஸ் மில்லின் புகைபோக்கி தெரியும். இன்று அது ஒரு பெரிய வணிக வளாகத்தின் அடையாளச் சின்னம். தறி ஓடிய கூடங்கள் இருந்த இடத்தில் வெளிநாட்டுக் கைப்பைக் கடைகள் இருக்கின்றன. அதே நிலையத்துக்குப் பக்கத்தில் என்.எம். ஜோஷி மார்க்கிலும், சற்றுத் தள்ளி வொர்லியிலும் நூறாண்டுப் பழமையான பி.டி.டி. (பம்பாய் வளர்ச்சித் துறை) சால்கள், அதாவது ஒற்றை அறை வீடுகள் வரிசையாக அமைந்த அடுக்குக் குடியிருப்புகள். வடக்கே சில கிலோமீட்டர் போனால் தாராவி.

இந்த மூன்றுமே ஒரு காலத்தில் ‘இருட்டிய பிறகு அந்தப் பக்கம் போகாதே’ என்று சொல்லி வளர்த்த இடங்கள்தாம். மில் பகுதியிலிருந்து அருண் காவ்லியின் கும்பல் எழுந்தது. வொர்லி சால்களில் 1974 ஜனவரியில் சிவசேனைக்காரர்களும் தலித் பாந்தர்களும் மோதிய கலவரம் பலநாள் நீடித்தது. தாராவி என்றதும் நிழலுலகத் தலைவர் வரதராஜ முதலியார் பெயரைச் சொல்லாதவர் இல்லை. மூன்று இடங்களையும் மாற்ற வேண்டும் என்று அரசு முடிவெடுத்தது. மூன்றுக்கும் மூன்று வழிகளைப் பிடித்தது. அந்த வழிகளைத்தான் இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன். என் அளவுகோல் ஒன்றே: மாற்றம் முடிந்த பிறகு, முன்பு அங்கே இருந்தவர் அங்கே இருக்கிறாரா?

முதல் வழி, நிலத்தைச் சந்தையிடம் விடுவது. 1982 ஜனவரி 18 அன்று டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்த வேலைநிறுத்தம் முடிந்துவிட்டதாக யாரும் முறைப்படி அறிவிக்கவே இல்லை. மில்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, அவற்றின் அடியில் கிடந்த ஏறக்குறைய 600 ஏக்கர் நிலத்துக்கு விலை ஏறியது. 1991இல் வந்த விதி நியாயமானது என்றே சொல்வேன். மில் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்குத் திறந்தவெளியாக, ஒரு பங்கு மாநில வீட்டுவசதி வாரியமான மஹாடாவுக்கு, மீதி ஒரு பங்கு உரிமையாளருக்கு. 2001இல் அதில் ஒரு திருத்தம் செய்தார்கள். பங்கு பிரிப்பது மில்லில் ஏற்கெனவே காலியாகக் கிடந்த இடத்துக்கு மட்டும்தான், கட்டடங்களை இடித்துக் கிடைக்கும் நிலத்துக்கு இல்லை என்றார்கள். மில் வளாகங்களில் பெரும்பகுதி கட்டடமே. ஆகவே பொதுமக்களின் பங்கு சுருங்கிப் போனது. வழக்கு நடந்தது, 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. தீர்ப்பு வருவதற்கு முன்பே, 2005இல், தேசிய ஜவுளிக் கழகத்தின் மில் நிலங்கள் ஏலம் போயின. மும்பை டெக்ஸ்டைல் மில் நிலம் மட்டும் 702 கோடி ரூபாய்.

தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? வேலைநிறுத்தம் தொடங்கி முப்பது ஆண்டுகள் கழித்து, 2012இல், 6,925 வீடுகளுக்குக் குலுக்கல் நடந்தது. விண்ணப்பித்தவர்கள் லட்சத்தைத் தாண்டினார்கள். வீடு 225 சதுர அடி, விலை ஏழரை லட்சம் ரூபாய். குலுக்கலில் பெயர் விழுவதற்கு முன்பே இறந்துபோனவர்களை எண்ணிப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது.

மில் நிலத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கும் இடம் சரியாக அமையவில்லை. அலுவலகங்கள் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொண்டுவந்து கொட்டின, தெருவும் ரயில் நிலையமும் பழைய அளவிலேயே இருந்தன. 2017 செப்டம்பர் 29 காலை, மழைக்காக எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையத்தின் குறுகிய நடைமேம்பாலத்தில் ஒதுங்கிய கூட்டம் நெரிந்து 23 பேர் இறந்தார்கள். சரியாக மூன்று மாதம் கழித்து கமலா மில் வளாகத்தின் மொட்டைமாடி உணவகங்களில் பிடித்த தீயில் 14 பேர். பேட்டை ‘முன்னேறிவிட்டது’ என்று எழுதுகிறவர்கள் இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்து எழுத வேண்டும்.

இரண்டாவது வழி பி.டி.டி. சால்களில் நடப்பது. 1920க்கும் 1925க்கும் இடையில் ஆங்கில அரசு கட்டியவை இவை. வொர்லி, நாய்காவ், என்.எம். ஜோஷி மார்க், சிவ்ரி ஆகிய நான்கு இடங்களில் 207 கட்டடங்கள். ஒரு குடும்பத்துக்கு 160 சதுர அடியில் ஓர் அறை, தளத்துக்குப் பொதுவாகக் கழிப்பறைகள். பாத்திரம் துலக்குவது, பிள்ளை வளர்ப்பது, சண்டை, சமாதானம் எல்லாம் பொதுத் தாழ்வாரத்தில். சிவ்ரி நீங்கலான மூன்று இடங்களில் மஹாடாவே முன்னின்று புதுக் கட்டடம் கட்டுகிறது. தகுதியுள்ள குடியிருப்பாளருக்கு அதே இடத்தில் 500 சதுர அடி வீடு இலவசம். மிச்ச நிலத்தில் கட்டும் வீடுகளை விற்றுச் செலவை ஈடுகட்டுகிறார்கள். 2017இல் அடிக்கல் நாட்டினார்கள். 2025 ஆகஸ்டில் வொர்லியில் முதல் 556 குடும்பங்கள் சாவி வாங்கின.

இதில் குறை இல்லையா? இருக்கிறது. எட்டு ஆண்டுகள் கொஞ்சம் இல்லை. நாற்பது மாடிக் கட்டடத்தின் லிஃப்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மாதாமாதம் ஆகும் செலவைச் சொற்ப வாடகை கட்டிப் பழகியவர் எப்படித் தாங்குவார் என்ற கவலை நியாயமானது. தாங்க முடியாதவர் வீட்டை விற்றுவிட்டு நகருக்கு வெளியே தொலைவில் இருக்கும் விரார் பக்கம் போனால், வந்த வழி வேறு என்றாலும் சேரும் இடம் மில் தொழிலாளியின் இடம்தான். ஆனாலும் அடிப்படைக் கணக்கு சரியாக இருக்கிறது. அறைக்கு ஒரு வீடு, அதே மண்ணில், முன்பிருந்ததைப்போல மூன்று மடங்கு பெரிதாக. பணக்காரர்கள் பக்கத்துக் கோபுரத்துக்கு வரட்டும், பழையவர்கள் கிளம்ப வேண்டியதில்லை.

மூன்றாவது, தாராவி. இதைப் பற்றிப் பேசும்போது தமிழர்களான நாம் தள்ளி நிற்க முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து திருநெல்வேலிச் சீமையிலிருந்து போய்த் தோல் பதனிட்டவர்கள் சதுப்பு நிலத்தைத் தூர்த்து உண்டாக்கிய பகுதிகள் அங்கே உண்டு. இன்று மித்தி ஆற்றுக்கு அக்கரையில் பாந்த்ரா குர்லா அலுவலக வளாகத்தின் கண்ணாடிக் கட்டடங்கள் இருக்கின்றன. இக்கரை நிலத்துக்கு இவ்வளவு போட்டி வந்ததற்குக் காரணம் அதுதான். 1985இல் ராஜீவ் காந்தி அறிவித்த நூறு கோடியில் 37 கோடி தாராவிக்கு ஒதுக்கப்பட்டது. 2004இல் ஒரு திட்டம், 2018இல் ஒரு டெண்டர், அதுவும் ரத்து. 2022 நவம்பரில் 5,069 கோடிக்கு அதானி குழுமம் டெண்டரை வென்றது. இப்போதைய கூட்டு நிறுவனத்தில் அந்தக் குழுமத்துக்கு 80 சதவீதப் பங்கு, மாநில அரசுக்கு 20 சதவீதம்.

தாராவித் திட்டம் குடியிருப்பாளர்களைத் தேதியால் பிரிக்கிறது. 2000 ஜனவரி 1க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்தவர் என்றால் தாராவியிலேயே 350 சதுர அடி இலவசம். அதற்குப் பின் 2011 வரை வந்தவருக்கு இரண்டரை லட்சம் ரூபாய்க்கு 300 சதுர அடி, அதுவும் தாராவிக்கு வெளியே. அதற்கும் பின்னால் வந்தவருக்கும் மேல்தளத்தில் இருப்பவருக்கும் வாடகை கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளும் முறை, அதுவும் வெளியேதான். உப்பள நிலங்களும் தேவ்னார் குப்பைமேடும் அதற்காகப் பேசப்படுகின்றன. ஒரு குடும்பத்தில் அப்பா கீழே, கல்யாணமான மகன் ஏணி ஏறி மேலே என்று இருந்தால், அப்பா தாராவியில், மகன் நகரின் வேறொரு மூலையில்.

தொழில் விஷயத்தில் நிலைமை இன்னும் சிக்கல். கும்பார்வாடாவில் சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் வீடு தெருவைப் பார்த்திருக்கும். பின்முற்றத்தில் பல குடும்பங்களுக்குப் பொதுவாக, மண்பாண்டம் சுடும் சூளை. தீபாவளிக்கு முன்பு வாசல் முழுக்க அகல் விளக்குகள் காய்ந்துகொண்டிருக்கும். மண் பிசைவது, வனைவது, காயவைப்பது, சுடுவது எல்லாம் முப்பது அடிக்குள் முடிந்துவிடும். இந்த வேலையில் எந்தப் பகுதியைப் பதினைந்தாவது மாடிக்குக் கொண்டுபோவது? மாதுங்கா லேபர் கேம்ப் பக்கம் நம்மவர்கள் நடத்தும் இட்லித் தொழிலும் அப்படித்தான். மாவு அரைப்பதும் அவிப்பதும் வீட்டிலேயே. விடியும் முன் சைக்கிளில் அலுமினியப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பினால்தான் வியாபாரம். தகுதியுள்ள கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் 225 சதுர அடி வரை இலவச இடம் தருகிறது திட்டம். வீடும் பட்டறையும் ஒன்றாக இருப்பவருக்கு அந்தப் பிரிப்பே பாதித் தொழிலை விழுங்கிவிடும்.

மூன்றில் எது மேல் என்று கேட்டால், தயங்காமல் பி.டி.டி. வழி என்பேன். மில் நிலத்தில் தொழிலாளியின் உரிமை வேலையோடு மட்டும் கட்டப்பட்டிருந்தது. வேலை போனதும் உரிமையும் போனது. தாராவியில் உரிமை காகிதத்தோடும் தேதியோடும் கட்டப்பட்டிருக்கிறது. பி.டி.டி.யில் அது அவர் குடியிருந்த அறையோடு கட்டப்பட்டிருக்கிறது. தாராவி அளவில் மிகப் பெரியது, தனியார் பணம் இல்லாமல் முடியாது என்பார்கள். தாராவியின் நிலத்தில் பெரும்பகுதி மாநகராட்சிக்குச் சொந்தம். தனியாரும் அந்த நிலத்தின் விற்பனையை நம்பித்தானே வருகிறார்கள்? அதே வரவை வைத்து மேல்தளத்து மகனுக்கும் தாராவிக்குள்ளேயே வீடு கொடுக்க அரசால் முடியும். சூளைகளையும் கூட்டு முற்றங்களையும் தரையிலேயே விட்டுவைத்து அவற்றைச் சுற்றிக் கட்டவும் முடியும். 2024 மார்ச்சில் தொடங்கிய கணக்கெடுப்பில் வீட்டுக்கு எண் போட்டுக்கொண்டு போனார்கள். அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே அங்கே நடக்கும் தொழிலையும், அதற்கு வேண்டிய முற்றத்தின் அளவையும் எழுதிக்கொள்ள இன்னும் நேரம் இருக்கிறது.