பெவல் போட்ட தடிமனான பிக்: சில வருடங்கள் வாசித்த பிறகு

"நீ வாசிக்கிற அந்தத் தேன் நிற பிக் விலை குறைஞ்சிருக்கே, வாங்கலாமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். பிக் என்பது கிட்டார் கம்பியைத் தட்ட விரல்களில் பிடிக்கும் சின்னத் தகடு. சில வருடங்களாக என் அக்கூஸ்டிக் கிட்டாரைப் பெரும்பாலும் அதை வைத்துத்தான் வாசிக்கிறேன். அதன் ஒலி எனக்கு அவ்வளவு பிடிக்கும். அதன் ஓரத்தின் மேல் இருக்கும் கோபமும் இன்னும் தீரவில்லை.

வடிவம் முனை மழுங்கிய பெரிய முக்கோணம். ஃபெண்டர் கம்பெனியின் 346 பிக்கைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். மூன்று முனைகளும் ஒரே மாதிரி என்பதால் ஒன்று தேய்ந்தால் அடுத்ததற்குத் திருப்பிக்கொள்ளலாம். பிடிக்கவும் இடம் தாராளம், சென்னை மே மாதத்தில் விரல் வியர்க்கும்போது அது பெரிய உதவி.

தடிமன் 1.5 மி.மீ. இதற்கு முன், தடிமனுக்கு ஒரு நிறம் என்று வரும் டன்லப்பின் டோர்டெக்ஸ் பிக் வரிசையில் ஆரஞ்சு (0.60 மி.மீ.), மஞ்சள் (0.73), பச்சை (0.88) என்று ஏறி வந்தவன் நான். எல்லாக் கம்பிகளையும் ஒரே வீச்சில் வருடி ஸ்ட்ரம் செய்யும்போது மெல்லிய பிக் வளைந்து கொடுக்கும், ஆறு கம்பியும் சீராகப் பேசும். ஆனால் பிளாஸ்டிக் கம்பியில் அடிபடும் 'டிக்' சத்தமும் கூடவே வரும். 1.5-இல் பிக் வளைவதே இல்லை, விரலின் அழுத்தம் அப்படியே கம்பிக்குப் போகிறது. ஆறாவது கம்பியைத் தட்டினால் வரும் அந்தக் கனமான, உருண்டையான ஒலி! என் கிட்டாருக்குள் இப்படி ஓர் அடிக்குரல் இருப்பது இந்த பிக் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

சரி, இப்போது ஓரத்துக்கு வருகிறேன்.

இவ்வளவு தடிமனில் ஓரத்தை நேராக வெட்டி விட்டுவிட்டால் பிக் கம்பியில் மாட்டும். அதனால்தான் ஓரத்தைச் சாய்வாகச் சீவிப் பாலிஷ் போடுகிறார்கள், அதுதான் பெவல். பெரும்பாலானவர்கள் பிக்கைக் கம்பிக்கு இணையாகத் தட்டையாகப் பிடிப்பதில்லை, கொஞ்சம் திருப்பித்தான் பிடிக்கிறோம். முனையின் இரண்டு ஓரங்களிலும் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று மொத்தம் நாலு மூலைகள் இருக்கும். கீழே அடிக்கும்போது அதில் ஒரு மூலை கம்பியில் உரசும், மேலே அடிக்கும்போது அதற்கு நேர் எதிர் மூலை உரசும். அந்த இரண்டு மூலைகளை மட்டும் முன்கூட்டியே தேய்த்துக் கொடுத்தால் பிக் கம்பி மேல் வழுக்கிக்கொண்டு போகும். அருமையான யோசனை. ஒரே சிக்கல், எந்த இரண்டு மூலைகள் என்பது கையைப் பொறுத்தது. கடையில் கிடைப்பது வலது கைக்குச் சீவியது. நான் இடது கைக்காரன்.

என் கையில் கம்பியைத் தொடுவது சீவாத அந்த மற்ற இரண்டு மூலைகள்தான். முதல் இரண்டு கம்பிகளில் அவ்வளவாகத் தெரியாது. சுருள் சுற்றிய மற்ற நாலு கம்பிகளில் ஒவ்வொரு அடிக்கும் 'சரக் சரக்' என்று உரசும், ரெக்கார்ட் செய்தால் இன்னும் பளிச்சென்று கேட்கும். "திருப்பிப் போட்டுப் பிடிங்க சார், சரியாயிடும்" என்றார் கடைக்காரர். ஆகாது. எதிரெதிர் மூலைகளைச் சீவிய பிக்கை முன்பின்னாகத் திருப்பினாலும் அதே மூலைகள் அதே இடத்துக்குத்தான் வரும். வேண்டுமானால் ஒரு காகிதத்தை மடித்துச் செய்து பாருங்கள்.

நியாயமாகச் சொன்னால், இதில் வலது இடது என்பதைவிடக் கோணம்தான் முக்கியம். ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜார்ஜ் பென்சன் போல பிக்கை எதிர்ப்பக்கம் சாய்த்துப் பிடிக்கும் வலது கைக்காரருக்கும் என் சிக்கல் அப்படியே வரும். அதே பாணியில் பிடிக்கும் இடது கைக்காரருக்கு இந்த பிக் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் உறை மேல் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. இந்த விலைக்கு விற்கும்போது அந்த ஒரு வரியைக்கூடவா அச்சடிக்க முடியாது?

கடைசியில் உப்புத்தாள் வாங்கி நானே தேய்த்தேன். 400 எண் தாளில் வடிவம் கொண்டுவந்து, 1000, 2000 என்று இன்னும் நைசான தாள்களில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, பழைய ஜீன்ஸ் துணியில் பாலிஷ். உரசல் போய்விட்டது. ஆனால் நாலு மூலையும் சீவியதில் நுனி உளி மாதிரி கூர்ப்பாகி, அந்த உருண்டை ஒலியில் கொஞ்சம் குறைந்துவிட்டது. அதனால் ஒரு முனையை மட்டும் இப்படி மாற்றி வைத்திருக்கிறேன். ரெக்கார்டிங்குக்கு அது, வீட்டில் வாசிக்க மற்ற இரண்டும்.

நண்பருக்கு ஒன்று சொல்வேன். வாங்குவதற்கு முன் உங்கள் பழைய பிக்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், எந்த மூலை தேய்ந்திருக்கிறது என்று தெரியும். அதே மூலையில் இந்தப் பெவலும் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். தேயாத மூலையில் இருந்தால் எவ்வளவு விலை குறைந்தாலும் வேண்டாம்.

ஒலிக்காக மட்டும் மதிப்பெண் போட்டால் ஐந்துக்கு ஐந்து, இதைவிட நல்ல பிக் என் கையில் இதுவரை வந்ததில்லை. ஆனாலும் நான் போடுவது இரண்டுதான். இடது பெவல் கேட்டபோது தனி ஆர்டர் என்றார்கள், அதற்குக் கூடுதல் விலையும் சொன்னார்கள். அது சாதாரண விலையில் கடைக்கு வரும்வரை அந்த இரண்டை ஏற்ற மாட்டேன்.