நாட்டுப்படகுக்கு லோரா செய்திக்கருவி: பாம்பனிலிருந்து ஒரு மதிப்பீடு

கைப்பேசி டவர் எட்டாத தொலைவிலும் படகுக்குப் படகு எழுத்துச்செய்தி அனுப்ப உதவும் லோரா (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் எட்டும் ரேடியோ) கருவிகளை, மெஷ்டாஸ்டிக் என்னும் இலவச மென்பொருளுடன், பாம்பன் பக்கத்து நாட்டுப்படகுகள் சிலவற்றில் வைத்துப் பயன்படுத்தி வருகிறோம். சிம் கார்டு வேண்டாம், மாதக் கட்டணம் இல்லை; இந்தியாவில் உரிமமின்றிப் பயன்படுத்த விடப்பட்டுள்ள 865 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைப் பட்டையில் இயங்குகிறது.

செய்தியைக் கைமாற்றும் முறைதான் இதன் சிறப்பு. கேட்ட கருவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் திருப்பி அனுப்பினால் அலைகள் மோதிக் குழம்பும் என்பதால், சிக்னலை மிக மங்கலாகக் கேட்ட கருவி, அதாவது பெரும்பாலும் தொலைவில் நிற்கும் படகு, முதலில் மறுபடி ஒலிபரப்ப, அதைக் கேட்ட மற்றவை அடங்கிவிடுகின்றன. ஒரு செய்தி இயல்பாக 3 முறை தாவும். 7 வரை கூட்டிக்கொள்ளலாம். நீர்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா கட்டிய இரு படகுகளைப் பூமியின் வளைவே சுமார் 12 கிலோமீட்டரில் மறைத்துவிடும் என்பதால், இடையில் நிற்கும் படகை நம்பித்தான் எல்லாம். விசைப்படகும் நாட்டுப்படகும் நாள் பிரித்துத் தொழிலுக்குப் போகும் நம் கரையில், விசைப்படகில் கருவி இருந்தாலும் நமக்குப் பயனில்லை.

பெருங்குறை ஒன்று உண்டு. இது செய்தியைத் தாவவிடுகிறதே தவிர, சுமந்து செல்லவிடுவதில்லை. கரை திரும்பும் படகிடம் செய்தியை ஒப்படைத்து, வழியில் அதைவிட வேகமான படகு எதிர்ப்பட்டால் அதனிடம் மாற்றிவிடலாம் அல்லவா? நகரும் ரோபோக்களை வைத்து ஆய்வாளர்கள் இதே கணக்கைப் போட்டிருக்கிறார்கள். ரோபோக்களின் இடமும் வேகமும் தெரிந்திருந்தால், ஒரு செய்தியை மிக விரைவாகச் சேர்க்கும் கைமாற்று வழியைக் கணினி நியாயமான நேரத்தில் கண்டுபிடித்துவிடும். ஒவ்வொரு ரோபோவும் இவ்வளவு தூரம்தான் ஓடலாம் என்று எரிபொருள் வரம்பு வைத்தாலோ, ஒரே கோட்டில் நகரும்போதுகூட அது என்.பி. கடினக் கணக்காகிவிடுகிறது; அதாவது, விரைவாகத் தீர்க்கும் வழி எதுவும் கணினிக்குத் தெரியாத கணக்கு. நம் படகு எப்படியும் கரைக்குத்தான் வருகிறது. செய்திக்காகத் தனியே டீசல் எரிக்கப் போவதில்லை என்பதால், நமக்கு எரிபொருள் வரம்பில்லாத எளிய கணக்கே போதும். மெஷ்டாஸ்டிக்கில் செய்தியைச் சேமித்து வைத்துப் பிறகு தரும் வசதி இருந்தாலும், அது எல்லாக் கருவியிலும் இயங்காது. எந்தப் படகு எத்திசையில் போகிறது என்றும் பார்ப்பதில்லை.

செய்தி ஒன்றுக்குச் சுமார் 200 பைட்டுதான் (பைட் என்பது கணினியில் எழுத்தைச் சேமிக்கும் இட அளவு) இடம். ‘மீ’ என்னும் ஓர் எழுத்தே 6 பைட் எடுக்கும் என்பதால், தமிழில் சுருக்கமாகத்தான் எழுத வேண்டும். கடலில் யாரும் கதை எழுதப் போவதில்லை.

ஐஸ் தேவை, மீன் விலை, வலை சிக்கியது போன்றவற்றுக்கு இது நன்றாக உதவுகிறது. உயிராபத்துக்கு வி.எச்.எஃப். கடல் ரேடியோவில் அபாய அழைப்புக்கான 16ஆம் சேனல்தான், அதற்கு மாற்றாக இதை நம்பக் கூடாது. ஒருவர் மட்டும் வாங்கினால் பணம் வீண். ஒரே பக்கம் தொழில் செய்யும் நாலைந்து படகுக்காரர்கள் சேர்ந்து வாங்குவதானால் வாங்கலாம்.