விளக்கு அணைந்துவிட்டது என்று நம்பாதீர்கள்: பெங்களூரில் பிரேக் பேட் மாற்றப் போய் நான் ஏமாந்தது

பெங்களூரில் கொஞ்சம் பவரான கார் வைத்திருக்கும் நம் ஆட்கள், குறிப்பாக மாதம் ஒருமுறை ஓசூர் தாண்டி ஊருக்குப் போய் வருகிறவர்கள், தயவுசெய்து இதை முழுதாகப் படித்துவிடுங்கள். முன் பிரேக் பேட் (சக்கர டிஸ்க்கை இறுக்கிப் பிடித்து வண்டியை நிறுத்தும் கட்டை) மாற்றியதாகச் சொல்லி என்னிடம் 17,400 ரூபாய் வாங்கினார்கள். பணம் போனதுகூடப் பரவாயில்லை. தொப்பூர் இறக்கத்தில், அம்மாவும் மகளும் பின்சீட்டில் இருக்கும்போது, அந்த பிரேக் பிடிக்கவில்லை.

என்னுடையது 2017 ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 2 லிட்டர் டர்போ பெட்ரோல், 230 குதிரைத்திறன். இந்த மாதிரி காரில் வேகம் எவ்வளவு சுலபமாக ஏறுமோ, அந்த அளவுக்கு பிரேக்குக்கும் வேலை அதிகம். நிறுத்தும்போது எடை முன்னால் சாய்வதால் பெரும்பகுதியை முன் சக்கரங்கள்தான் தாங்குகின்றன. அதோடு தினமும் சில்க் போர்டு நெரிசல் வேறு. ஆகஸ்ட் மாதம் ஒரு காலையில் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பேட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

ஓசூர் ரோட்டுப் பக்கம் ஒரு தனியார் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். புகார் இன்னும் முடியாததால் பெயரைப் போடவில்லை. சூப்பர்வைசர் தமிழில் பேசினார். “நமக்கு ஆம்பூர் பக்கம்ண்ணா. முன்னாடி ரெண்டு பக்கமும் பேடு முடிஞ்சு போச்சு. ஒரிஜினலே போட்டுத் தர்றேன், நீங்க ஆபீஸ் போயிட்டு சாயங்காலம் வாங்க” என்றார். நம்ம ஊர்க்காரர் என்ற ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது. சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

மாலையில் போனால் விளக்கு அணைந்திருந்தது. பழைய பேட் எங்கே என்று கேட்டேன். “ஸ்கிராப்புக்குப் போட்டாச்சுண்ணா” என்றார். பில் என்று ஒரு துண்டுச் சீட்டு: பேட் 12,500, சென்சார் 1,400, பிரேக் ஆயில் 1,500, கூலி 2,000. ஜிஎஸ்டி எண் இல்லை. பணத்தை அவர் காட்டிய ஒரு ஆளின் பெயருக்கு யுபிஐயில் அனுப்பினேன்.

அந்தச் சீட்டிலேயே பொய் இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. என் காரில் சென்சார் வயர் தனியாக வராது. முன் இடது பக்கப் பேடிலேயே பதிந்து, பிளக்கோடு சேர்ந்து வரும். பேட் தேய்ந்து அந்த வயர் அறுந்தால் விளக்கு எரியும். அதற்குத் தனியாக 1,400 போட்டபோதே நான் கேட்டிருக்க வேண்டும்.

முதல் வாரத்திலிருந்தே கீச்சென்று சத்தம். போன் செய்தால், “புதுப் பேடு அப்படித்தாண்ணா, ஓட ஓட செட் ஆகிடும்” என்றார். புதுப் பேட் டிஸ்க்கோடு பதிய கொஞ்சம் ஓட வேண்டும் என்பது உண்மைதான். அதனால்தான் நம்பினேன். அலாய் வீலில் கருப்புத் தூள் அப்பிக்கொண்டே இருந்தது, துடைத்த மறுநாளே மறுபடியும்.

ஆயுத பூஜை லீவுக்கு சேலம் கிளம்பினோம். அதற்குள் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. தருமபுரி தாண்டி தொப்பூர் கணவாயில் இறங்கும் இடம் எப்படிப்பட்டது என்று அந்த வழியாகப் போகிற எல்லாருக்கும் தெரியும். லோடு லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகள்மேல் ஏறிய விபத்துகள் அங்கே எத்தனையோ. எனக்கு முன்னால் ஒரு லாரி மெதுவாக ஊர்ந்தது. முதல் மிதிக்கு ஸ்டீயரிங் உதறியது. இரண்டாவது மிதிக்குக் கருகின நாற்றம். மூன்றாவது தடவை பெடல் கல் மாதிரி நிற்கிறது, கார் மட்டும் குறையவில்லை. கியரை மேனுவலுக்கு மாற்றி மூன்று, இரண்டு என்று இறக்கி, இன்ஜினை வைத்தே வேகத்தைப் பிடித்து, இடது ஓரமாக ஒதுங்கி நிறுத்தினேன். அம்மா எதுவும் கேட்கவில்லை. மகளைத் தன் பக்கமாக இழுத்து அணைத்துக்கொண்டிருந்தார்.

பெடல் கெட்டியாக இருந்தும் கார் நிற்கவில்லை என்றால், பேட் சூட்டில் பிடிப்பை இழந்துவிட்டது என்று பொருள். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால் ஆயில் கொதித்து உள்ளே ஆவி நிற்கிறது. இரண்டையும் பிரித்துத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

அரை மணி நேரம் ஆறவிட்டு, இரண்டாவது கியரிலேயே மெல்ல இறங்கி சேலம் போய்ச் சேர்ந்தோம். எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன், அப்பா காலத்திலிருந்து தெரிந்தவர், முன் இடது சக்கரத்தைக் கழற்றினார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், “தம்பி, உட்கார்ந்து இதைப் பாரு” என்றார். சென்சாருக்குப் போகும் இரண்டு வயரையும் வெட்டி, செம்பு தெரிய ஒன்றோடொன்று முறுக்கி, கருப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி, சேற்றுக்குள் செருகி வைத்திருந்தார்கள். சர்க்யூட் அறுபடாமல் இருப்பதாகவே கார் நினைப்பதால் விளக்கு எரியாது. பேட் இரும்புத் தகடு வரைக்கும் தேய்ந்தாலும் எரியாது. விளக்கு அணைந்ததன் ரகசியம் அதுதான்.

பேடைக் கையில் எடுத்தால் ஓரம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. நடுவில் கண்ணாடி போலப் பளபளப்பு, குறுக்கே ஒரு விரிசல். பின்தகட்டில் ஒரு எழுத்து இல்லை, ஒரு எண் இல்லை, வெறும் கருப்புப் பெயின்ட். உள்பக்கப் பேட் 2 மில்லிமீட்டர்கூட இல்லை, வெளிப்பக்கம் 5 இருந்தது. பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நகரும் கைடு பின்னைச் சுத்தமே செய்யாமல் மாட்டியதால் ஒரு பக்கம் மட்டும் உரசியிருக்கிறது. புதுப் பேட் பொதுவாக 10, 12 மில்லிமீட்டர் இருக்கும், 3க்கு வந்தால் மாற்ற வேண்டும். பிரேக் ஆயிலும் மாற்றவில்லை. பழைய ஆயிலை வெளியேற்றும் பிளீடர் ஸ்க்ரூ மூடியின்மேல் பழைய தூசு கலையாமல் இருந்தது, டப்பாவில் ஆயில் டிகாக்‌ஷன் நிறம். அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 தர ஆயில் என்றால் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக்கூடாது, ஈரம் ஏறியதற்கு அந்த வரம்பு 155தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதற்காகத்தான்.

நல்ல பேடின் பின்தகட்டில் கம்பெனி பெயரும் பார்ட் நம்பரும் இருக்கும். பலவற்றில் எஃப்எஃப், ஜிஜி போல இரண்டெழுத்துக் குறியும் இருக்கும். முதல் எழுத்து சாதாரண சூட்டில் உராய்வு எவ்வளவு, இரண்டாவது அதிகச் சூட்டில் எவ்வளவு என்பதைச் சொல்லும். ஐரோப்பியத் தரச்சான்று பெற்ற பேடில், வட்டத்துக்குள் ஈ எழுத்தும் பக்கத்தில் 90ஆர் என்ற எண்வரிசையும் அடித்திருக்கும். இதையெல்லாம் மாட்டுவதற்கு முன் நம் கண்ணால் பார்த்து போட்டோ எடுக்க இரண்டு நிமிடம் ஆகாது. இன்னொன்று: ஆக்டேவியா என்று மட்டும் சொல்லி பேட் கேட்காதீர்கள். ஒரே பெயரில் டிஸ்க் அளவு மாறும். டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 1இசட் அல்லது 1எல் என்று தொடங்கும் குறிதான் முன் பிரேக்கின் அளவு. அதையும் சேசிஸ் எண்ணையும் கொடுத்துக் கேளுங்கள்.

பெங்களூர் திரும்பியதும் அந்தப் பேடையும் டேப் சுற்றிய வயரையும் எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். முன்பு அண்ணா அண்ணா என்று வாய் நிறைய அழைத்த அதே சூப்பர்வைசர், ஓனரைக் காட்டிவிட்டு என்னிடம் கன்னடத்தில் மட்டும் பேசினார். “வெளியே எவனோ கழட்டியிருக்கான், எங்க வேலைன்னு எப்படிச் சொல்றீங்க?” என்பது ஓனரின் பதில். முறையான பில் என் கையில் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் யுபிஐ ரசீதும், “ஒரிஜினல் பேடு மாத்தியாச்சுண்ணா” என்று அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் ஆடியோவும் என்னிடம் இருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். சரியாகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது.

கார் இப்போது சரியாகிவிட்டது. கம்பெனி பார்ட்ஸ் கவுன்டரில் பில்லோடு பேட் வாங்கி, வேறொரு மெக்கானிக்கிடம் பக்கத்திலேயே நின்று மாட்டினேன். காலிப்பரை பிரேக் ஆயில் போகும் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியில் கட்டினார். அந்த ஒரு செயலிலேயே ஆள் வேலை தெரிந்தவர் என்று புரிந்தது. மறுநாள் விடியற்காலை ஆளில்லாத ரோட்டில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை, முழுதாக நிறுத்தாமல், பத்துத் தடவை பிரேக் பிடித்துப் புதுப் பேடை டிஸ்க்கோடு பதித்தேன்.

கடந்த சில மாதங்களில் ஓசூர் ரோட்டுப் பக்கம் எங்காவது பேட் மாற்றி, பழைய பேடைக் கொடுக்காமல் அனுப்பியிருந்தால், ஊருக்குக் கிளம்பும் முன் முன் இடது சக்கரத்தைக் கழற்றச் சொல்லி, சென்சார் வயரை உங்கள் விரலால் தடவிப் பாருங்கள். டேப் தட்டுப்பட்டால் அந்த வண்டியில் தொப்பூர் இறங்காதீர்கள்.