பாட்டா, ஏடா, படமா, ஓலையா: பிள்ளை வளர்க்கும் நாட்களில் கைக்கொள்ள ஏற்ற வேலை எது?

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில், எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. பாதி முடைந்த ஓலைக் கொட்டான் ஒன்றும், பழைய சேலைகளைச் சதுரமாக வெட்டி அடுக்கிய துணிக்கட்டு ஒன்றும், சில பக்கங்களோடு நின்றுபோன நோட்டுகள் இரண்டும் அதில் கிடக்கின்றன. 2018 டிசம்பரில் மகள் பிறந்த பிறகு, அவளை வளர்க்கும் அனுபவத்திலிருந்து ஏதாவது ஒன்றை என் கையால் உருவாக்க வேண்டும் என்ற ஆசையில் நான் தொடங்கி, முடிக்காமல் விட்டவை அவை. முடிந்தவையும் சில உண்டு. புதிதாகப் பிள்ளை பெற்ற தங்கைமார் எதைச் செய்யலாம் என்று கேட்கும்போது, அந்தப் பெட்டிக்குள் போனவற்றையும் போகாதவற்றையும் எதிரெதிரே வைத்துப் பார்த்துத்தான் நான் பதில் சொல்கிறேன்.

என் அளவுகோல் அழகு அன்று. பிள்ளை அழுதால் அந்த நொடியே கீழே வைத்துவிட்டு எழ முடிகிறதா, மூன்று மாதம் கழித்து எடுத்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிறதா என்பதே முதற்கேள்வி. எங்கள் உப்புக் காற்றில் அது எத்தனை வருடம் தாங்கும் என்பது இரண்டாவது. பிள்ளை வளர்ந்த பிறகு அதற்குள் அவளுக்கும் ஓர் இடம் இருக்குமா என்பது மூன்றாவது. இந்தக் கேள்வி எனக்குத் தோன்றுவதற்கே ஐந்து வருடம் ஆயிற்று.

பெரும்பாலோர் தொடங்குவது படத்தில்தான். மாதம் ஒரு முறை, ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் பிள்ளையை நிறுத்தி எடுக்கும் படவரிசையை நானும் தொடங்கினேன். நான் தேர்ந்தது பாம்பன் கரையில் ரயில் பாலம் பின்னணியில் தெரியும் ஓர் இடம். 2019 மார்ச்சில் புதிய பாலத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது அவளுக்கு மூன்று மாதம். 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டபோது நான்கு வயது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டபோது ஆறு வயது. படங்களை வரிசையாக வைத்தால், அவள் தோளுக்குப் பின்னால் கடலில் தூண்கள் முளைத்து, தூக்குப் பாலத்தின் கோபுரங்கள் எழுவது தெரிகிறது. பார்ப்பவர்கள் வியக்கிறார்கள், ஆனால் அவர்கள் வியப்பது பாலத்தைப் பார்த்து என்பதை நான் கவனித்திருக்கிறேன்.

தடைபடுவதைத் தாங்குவதில் படத்துக்குக் குறைவில்லை. மாதம் ஒன்று என்று நினைத்தது ஏழு வருடத்தில் முப்பத்தொன்றாகத்தான் சேர்ந்தது, அதனால் வரிசை கெட்டுவிடவும் இல்லை. தாங்குதிறன்தான் மோசம். கைப்பேசி ஒரு முறை உப்புத் தண்ணீரில் விழுந்ததில் நான்கு மாதப் படங்கள் போயின; அதன்பின் ஒவ்வொன்றையும் அச்செடுத்து வைக்கிறேன். அதைவிடப் பெரிய குறை, படம் பிள்ளையின் வெளிப்புறத்தை மட்டுமே பிடிக்கிறது என்பது. அவளுக்கு மூன்று வயதானபோது, கப்பல் போவதற்காகப் பழைய பாலத்தின் இரண்டு கைகளும் பிளந்து மேலெழுந்த நாளில் நாங்கள் அங்கே நின்றிருந்தோம். அன்றைய படத்தில் பாலமும் பிள்ளையும் தெளிவாக இருக்கின்றன. அவள் சொன்னது அதில் இல்லை.

அவள் சொன்னது நோட்டில் இருக்கிறது: “அம்மா, பாலம் ஆ காட்டுது.” சோறூட்டும்போது நான் அவளிடம் நாளைக்கு நூறு முறை சொன்ன சொல் அது. புதிய பாலத்தில் நடுப்பகுதி முழுவதும் கிடைமட்டமாகவே மேலே ஏறுவதைப் பார்த்தபோது, ஆறு வயதுக்காரி “இது ஆ காட்டல, எந்திரிக்குது” என்றாள். இரண்டு பாலங்களும் இயங்கும் முறையில் உள்ள வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் படித்ததில்லை. ஒரே இடம், ஒரே பிள்ளை. படம் ஒன்றைத் தந்தது, ஏடு வேறொன்றைத் தந்தது என்றால், எனக்கு வேண்டியது ஏடு தந்ததுதான்.

ஆனாலும் என் முதல் இரண்டு நோட்டுகள் பெட்டிக்குப் போயின. காரணம் தேதி. நாட்குறிப்பு என்று பெயரிட்டு ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போட்டுக்கொண்டதால், எழுதாத நாள் ஒவ்வொன்றும் குற்றமாகத் தெரிந்தது. பத்து நாள் விட்டபோது வெட்கமாகி, இருபது நாள் விட்டபோது நோட்டையே மூடிவிட்டேன். மூன்றாவது நோட்டில் தேதியை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, பிள்ளைத்தமிழின் பருவங்களைத் தலைப்புகளாக எழுதினேன். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழும் இருபாலுக்கும் பொது. ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்றும், பெண்பாலுக்குக் கழங்கு, அம்மானை, ஊசல் போன்றவை என்றும் கடைசி மூன்று மாறும். ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரு கைகளையும் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை, கை கொட்டுவது சப்பாணி, தளர்நடையிட்டு வருவது வருகை, நிலாவை விளையாட அழைப்பது அம்புலி. பாட்டுடைத் தலைவராகத் தெய்வத்தையும் அரசரையும் வைத்துப் புலவர்கள் பாடினார்களே தவிர, பிள்ளை வளர்ச்சியை உற்றுப் பார்த்த ஒரு தாய்க்கண் அந்தப் பகுப்புக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். (என் மகளுக்குச் சிறுதேர்தான் பிடித்தது, கழங்குப் பக்கம் இன்றுவரை காலியாக இருக்கிறது.) பருவம் நாளைப் போன்றது அன்று; இரண்டு மாதம் எழுதாமல் விட்டாலும் பருவம் முடிந்திருக்காது. அந்த ஒரு மாற்றத்தால்தான் மூன்றாவது நோட்டு பிழைத்தது.

கடற்கரை வீட்டில் காகிதத்தைக் காப்பது தனி வேலை. ஈரக் காற்றில் ஜெல் பேனா எழுத்து கசிந்து பரவிவிடும். பென்சில் எழுத்து மங்குவதில்லை, ஈரத்தில் கரைவதுமில்லை. பூச்சிக்கு வசம்பு போட்டு வைக்கிறேன். ஓலைச்சுவடிகளைப் பூச்சியிலிருந்து காக்கப் பயன்பட்ட பொருளும், குழந்தையின் கையில் வளையலாகக் கோத்துக் கட்டும் பொருளும் ஒன்றே. அதற்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர். நோட்டுக்கும் பிள்ளைக்கும் ஒரே காவல் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

அடுத்தது தாலாட்டு ஒலிப்பதிவு. இதை நான் தாமதமாகத் தொடங்கியதற்கு இன்றும் வருந்துகிறேன். என் அம்மாவின் ஊர் தொண்டி, வயது எழுபத்து மூன்று. கைப்பேசியை முன்னால் வைத்துப் பாடச் சொன்னபோது, நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்துப் பாடுவதைப் போல நான்கு வரி பாடி நிறுத்திக்கொண்டார். இன்னும் பாடுங்கள் என்றதற்கு, “பிள்ளை இல்லாமப் பாடுனா அது தாலாட்டா ஒப்பாரியாடி?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் இரண்டும் பெண்கள் பாடுபவை, இரண்டிலும் உறவைச் சொல்லி அழைப்பதே உயிர், இழுக்கும் மெட்டிலும் ஒற்றுமை உண்டு. பிறகு தம்பியின் கைக்குழந்தையைச் சேலைத் தொட்டிலில் போட்டு ஆட்டியபோது, அவருடைய சம்மதத்தோடு கைப்பேசியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன். இருபது நிமிடம் பாடினார். நான் அதுவரை கேட்டிராத வரிகள் அதில் வந்தன. ஒரு மாமன் சங்கு குளித்து வந்தான். இன்னொரு மாமன் கொழும்பிலிருந்து கப்பலில் சட்டை கொண்டுவந்தான். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அங்கிருந்து தலைமன்னாருக்குச் சென்ற கப்பலும் நின்றுபோயிற்று. அப்போது அம்மாவுக்குப் பன்னிரண்டு வயது. 2025-இல் பிறந்த பேரனுக்கான பாட்டில் அந்தக் கப்பல் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

இந்த வகைச் சரக்கு எங்கள் கரையில் ஏராளம். கீழக்கரை போன்ற ஊர்களின் முஸ்லிம் வீடுகளில் கலிமாவையே இழையாகக் கோத்துத் தாலாட்டுவார்கள். அடுத்த தெருவில் ஆராரோ கேட்கும். ஒரே தெருக்கோடியில் இரண்டையும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இங்கே உண்டு.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். மின்விசிறியை நிறுத்த வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அது வரும் பக்கத்துச் சன்னலைச் சாத்தாவிட்டால் பாட்டைவிடக் காற்றுதான் அதிகமாகப் பதிவாகும். ஆனால் தொட்டில் கயிறு வளையத்தில் உரசும் ஒலியை நீக்க முயல வேண்டாம், தாளம் அதில்தான் இருக்கிறது. தொடக்கத்தில் தேதி, ஊர், பாடுபவரின் பெயர் மூன்றையும் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். சுருக்கப்படாத வேவ் கோப்பாக, குறுந்தகட்டின் தரத்தில் சேமித்தால் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 எம்பி ஆகும். 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் நிமிடத்துக்கு 1 எம்பி அளவே ஆகும். மூலத்தை வேவாக வைத்துக்கொண்டு, உறவினருக்கு அனுப்ப எம்பி3 எடுத்துக்கொள்ளலாம். வாட்ஸாப் குரல்செய்தியாக மட்டும் வைத்திருப்பது சேமிப்பாகாது. ஒரு பிரதி பென்டிரைவிலும் ஒன்று இணையச் சேமிப்பிலும் இருக்கட்டும், பென்டிரைவை உப்புக் காற்று எப்போது அரிக்கும் என்று தெரியாது.

தடைபடுவதைத் தாங்குமா என்றால், தாலாட்டு ஒரு படி மேலே போகிறது: பிள்ளை அழுதால்தான் இந்த வேலையே தொடங்குகிறது. மற்ற எல்லாவற்றையும் பிள்ளை குறுக்கிட்டுக் கெடுக்கிறது. இதை மட்டும் குறுக்கிட்டு நடத்துகிறது. குறை என்னவென்றால் பிள்ளைக்கு அதில் கேட்பதைத் தவிர வேறு பங்கில்லை.

பங்கு என்று பார்த்தால் பனையோலையை மிஞ்ச ஒன்றுமில்லை. பனை இந்த மாவட்டத்தின் மரம். குருத்தோலை கிடைப்பதற்குப் பெரிய செலவும் இல்லை. எங்கள் தெருவில் பெட்டி முடையும் ஓர் ஆச்சியிடம் நான் கொட்டான் முடையக் கற்றேன். கைப்பிள்ளையோடு இதைத் தொடங்கியது என் தவறு. ஊறவைத்த ஓலையைப் பாதியில் போட்டுவிட்டு எழுந்தால் அது காய்ந்து முறுக்கிக்கொள்ளும். ஈரத்தோடு மடக்கி வைத்தால் கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். முதற்கேள்வியில் ஓலை முழுத் தோல்வி. கிலுகிலுப்பை செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு: உள்ளே குன்றிமணியைப் போடவே கூடாது, அது நஞ்சு, எதைப் போட்டாலும் பின்னல் பிரிந்தால் பிள்ளையின் வாய்க்குத்தான் போகும் என்பதால், நம் கண்பார்வையில் ஆட்டுவதற்கு மட்டுமே அது உதவும்.

ஆனால் ஐந்து வயதுக்குப் பிறகு கணக்கு தலைகீழாகிறது. இரண்டு ஓலைத் துண்டுகளைக் குறுக்காக மடித்துக் கோத்து, நடுவில் கருவேல முள்ளைக் குத்தினால் காற்றாடி. முள்ளை நான் குத்துகிறேன், மடிப்பது அவள். கடற்கரையில் அதைப் பிடித்துக்கொண்டு ஓடவும் வேண்டாம். சும்மா நின்றாலே சுற்றும். அது இரண்டு நாளில் கிழிந்துவிடுகிறது, அவள் வேறொன்று மடிக்கிறாள். இரண்டாம் கேள்வியில் தோற்பதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை.

துணிக்கட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய சேலையையும் பிள்ளையின் சிறுத்துப்போன சட்டைகளையும் ஒட்டுப்போட்டுத் தைக்கும் போர்வைக்குத் தையல் மெஷினும் தொடர்ச்சியான மதிய நேரமும் வேண்டும். எனக்கு இரண்டும் வாய்க்கவில்லை. ஊசி சிதறிக் கிடக்கும் தரையில் தவழும் பிள்ளையை விடவும் முடியாது.

இவை எல்லாம் தாய்மாரின் வேலை என்று தோன்றினால், விசைப்படகு வீடுகளைப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; அப்பாமார் கரையில் இருப்பார்கள். அதே நாட்களில்தான் நுங்கும் வரும். பக்கத்து வீட்டு அண்ணன் வருடந்தோறும் நுங்கு எடுத்தபின் மிஞ்சும் வெறுங்காய்கள் (கூந்தல்) இரண்டைக் குச்சியில் கோத்து மகனுக்கு வண்டி செய்கிறார். ஒரு வாரத்தில் அது சுருங்கிவிடும், அடுத்தது செய்வார். அவரிடம் நோட்டைக் கொடுத்து எழுதச் சொன்னால் எழுத மாட்டார். ஆகவே விசைப்படகு வீட்டுக்கு நான் ஓலையையும் நுங்கையும்தான் சொல்வேன்.

மற்றவர்களுக்கு நான் சொல்லும் வரிசை வேறு. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் பாடத் தெரிந்த அப்பத்தாவோ அம்மாச்சியோ இருந்தால், வேறெதையும் தொடங்கும் முன் ஒலிப்பதிவு. நோட்டை அடுத்த மாதம் வாங்கலாம், குருத்தோலை அடுத்த வருடமும் வெட்டுவார்கள். அந்தக் குரலுக்கு அந்த உறுதி கிடையாது. கூடவே தேதியில்லாத ஒரு நோட்டு. ஓலை, பிள்ளைக்கு ஐந்து வயது ஆன பிறகு. படத்தை நான் பரிந்துரைக்க வேண்டிய தேவையே இல்லை, எப்படியும் எடுப்பார்கள். பின்பக்கத்தில் அன்று பிள்ளை சொன்ன ஒரு வரியைப் பென்சிலால் எழுதி வைக்கட்டும்.

மூன்றாவது கேள்விக்கு நோட்டு எதிர்பாராத விதத்தில் விடை சொன்னது. எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்ற மகள், பாலத்தைப் பற்றிய பக்கத்தைத் தேடிப் பிடித்து, என் எழுத்துக்குக் கீழே கோணலாக எழுதியிருக்கிறாள்: “பாலம் இல்ல. நான் தான் ஆ காட்டினேன். எனக்குப் பசி.” அதை அழிக்காமல் ஓரத்தில் தேதி போட்டேன். தம்பியின் பிள்ளைக்குப் பல் முளைத்து, தொட்டிலில் நிற்கப் பார்க்கிறான். இன்னும் சில மாதங்களில் தொட்டிலை அவிழ்த்துவிடுவார்கள். அதற்குள் தொண்டிக்கு இரண்டு முறையாவது போய்வர வேண்டும்.