நாற்காலியா, செயலியா, காப்பீடா, நேர வரம்பா? வீட்டிலிருந்து வேலை செய்யும் வடசென்னை ஊழியருக்கு எது உதவும்

வீட்டிலிருந்து வேலை செய்யும் ஊழியர்களின் உடல்நலத்திற்காக நிறுவனங்கள் ஒதுக்கும் பணம் பெரும்பாலும் நான்கு வழிகளில் செலவாகிறது: மேசை நாற்காலிக்கான ஒருமுறைத் தொகை, உடற்பயிற்சிச் செயலி அல்லது ஜிம் சந்தா, மருத்துவக் காப்பீடு, மனநல ஆலோசனை. இவற்றோடு வேலை நேரத்திற்கு எல்லை வகுப்பதையும் ஐந்தாவதாகச் சேர்க்க வேண்டும். அதற்குப் பணம் அதிகம் தேவைப்படாததாலோ என்னவோ, நலத்திட்டப் பட்டியல்களில் அது பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஐடி நிறுவனங்கள் நிறைந்த பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள மனிதவளத் துறை இவற்றை ஒப்பிட்டால் ஒரு விடை கிடைக்கும். வடசென்னையின் வியாசர்பாடியிலோ தண்டையார்பேட்டையிலோ, அமெரிக்க மருத்துவமனைகளின் கட்டணக் கணக்குகளைத் தயாரிக்கும் மெடிக்கல் பில்லிங் வேலையை வீட்டிலிருந்தே செய்பவரின் அறையில் நின்று ஒப்பிட்டால் வேறு விடை கிடைக்கும். இரண்டாவது விடையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நாற்காலியையும் செயலியையும் எடுத்துக்கொள்வோம், ஏனெனில் ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டம் போடும்போது இவை இரண்டும்தான் நேருக்கு நேர் மோதுகின்றன. கொடுங்கையூரில் நான் பார்த்த ஒரு வீட்டில் தையல் மெஷினின் மூடிய பலகைதான் அலுவலக மேசை. பலகையின் உயரத்தில் குறையில்லை; ஆனால் கால் வைக்கும் இடத்தில் மெஷினின் மிதி இருப்பதால் முழங்காலை உள்ளே நுழைக்க முடியாது, மிதிமேல் பாதத்தை வைத்தால் அது ஆடும். எனவே அங்கே வேலை செய்யும் பெண் உடலை ஒருபக்கமாகத் திருப்பி, பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு தலையணைகளை அடுக்கி உட்கார்ந்திருந்தார். மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருப்பதால், கைக்கு வசதியான உயரத்தில் வைத்தால் கழுத்து குனிகிறது, கண்ணுக்கு நேராக உயர்த்தினால் தோள் தூக்கி நிற்கிறது. தனியாக ஒரு கீபோர்டும் மவுஸும் வாங்கிக் கொடுத்து, மடிக்கணினியைக் கனமான புத்தகங்கள்மேல் தூக்கி வைத்தாலே இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும். சாதாரண ரகம் இரண்டும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும்.

இங்கேயே ஓர் உட்பிரிவு இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே மாதிரியான சுழல் நாற்காலியை அனுப்பி வைக்கும் நிறுவனமும் உண்டு, வாங்கிய பில்லைக் காட்டினால் பணம் தரும் நிறுவனமும் உண்டு. இரவில் பாய் விரிக்க இடம் வேண்டிய ஒற்றை அறை வீட்டில் ஐந்து சக்கரங்கள் கொண்ட பெரிய நாற்காலி வேண்டாத விருந்தாளியாகிவிடுகிறது. மடக்கு மேசையும், முதுகு நிமிர்ந்த மர நாற்காலியும், கால் வைக்க ஒரு மணையும் அந்த வீட்டிற்குப் பொருந்தும். ஆகையால் தேர்வை ஊழியரிடம் விடுவதே மேல். ஆனால் கைப்பணத்தைப் போட்டு வாங்கிவிட்டு அடுத்த மாதச் சம்பளத்தில் திரும்ப வரும்வரை காத்திருக்கச் சொன்னால், மாதக் கடைசியில் யாரும் வாங்கமாட்டார்கள். முன்பணமாகக் கொடுப்பதுதான் முறை.

செயலியின் பக்கத்திலும் நியாயம் உண்டு. வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது, வீட்டிலேயே இருப்பவருக்கு ரயில் நிலையத்திற்கு நடக்கும் நடைகூட இல்லாமற்போகிறது. ஆயினும் அமெரிக்க நேரத்தில் வேலை செய்பவருக்கு நியூயார்க்கின் காலை ஒன்பது மணி என்பது இங்கே கோடையில் மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. மற்றவர்கள் நடக்கப் போகும் நேரத்தில் அவர் லாகின் செய்ய வேண்டும். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி வசிப்பவரிடம் ஒரு நாளில் எத்தனை காலடி நடந்தார் என்று எண்ணும் போட்டி நடத்துவதால் பயன் இல்லை. ஏற்கெனவே உடற்பயிற்சி செய்பவருக்குத்தான் செயலி உதவுகிறது. அதைவிட, ஷிப்ட் அட்டவணையிலேயே இருபது நிமிட இடைவேளைகள் இரண்டை எழுதிவைத்து, அந்த நேரத்தில் அழைப்பு எதுவும் வராமல் பார்த்துக்கொண்டால், மொட்டை மாடியிலேயே நடந்துவிட்டு வரலாம். செயலிக்கும் நாற்காலிக்கும் இடையே தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் தயங்காமல் நாற்காலியின் பக்கம் நிற்பேன்.

காப்பீட்டில் ஒப்பீடு வேறு விதமானது. மாத ஊதியம் 21,000 ரூபாய்க்குள் உள்ளவர்கள் இஎஸ்ஐ எனப்படும் அரசின் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்திற்குள் வருகிறார்கள், ஊழியர் 0.75 விழுக்காடும் நிறுவனம் 3.25 விழுக்காடும் செலுத்த, சார்ந்திருக்கும் பெற்றோர் உட்படக் குடும்பத்திற்கு மருத்துவம் கிடைப்பதோடு, நோய்வாய்ப்பட்டு விடுப்பெடுத்தால் ஆண்டில் 91 நாள்வரை ஊதியத்தில் 70 விழுக்காடு உதவித்தொகையும் உண்டு. தனியார் குழுக் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தரும். வசதியான பெரிய தனியார் மருத்துவமனைகள் பெரும்பாலும் நகரின் நடுவிலும் தெற்கிலும் இருப்பதால், வடசென்னைக் கொருக்குப்பேட்டையில் இருப்பவருக்கு, காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டும் கட்டணமில்லாச் சேர்க்கை என்பது கையில் உள்ள அட்டையைவிட ஆம்புலன்ஸ் போக வேண்டிய தூரத்தைப் பொறுத்தது. அயனாவரம் இஎஸ்ஐ மருத்துவமனை அந்த வகையில் அருகில் இருக்கிறது. இஎஸ்ஐ பதிவின்போது அலுவலகத்தின் அருகே உள்ள இஎஸ்ஐ மருந்தகத்தை, அதாவது மருத்துவரைப் பார்க்கும் சிகிச்சை நிலையத்தை, குறித்துவிடாமல், ஊழியரின் வீட்டருகே உள்ளதைக் கேட்டுக் குறிப்பது மனிதவளத் துறை செலவின்றிச் செய்யக்கூடிய காரியம். ஊதியம் அந்த வரம்பைத் தாண்டியவர்களுக்குக் குழுக் காப்பீடுதான் வழி. அதில் தொகையைக் கூட்டுவதைவிடப் பெற்றோரைச் சேர்ப்பதும், அறை வாடகை உச்சவரம்பைத் தளர்த்துவதும் முக்கியம், ஏனெனில் வரம்பைத் தாண்டிய அறையில் சேர்ந்தால் பல பாலிசிகளில் மற்ற கட்டணங்களும் அதே விகிதத்தில் வெட்டப்படுகின்றன.

ஆண்டுப் பரிசோதனையை அலுவலக வளாகத்தில் முகாமாக நடத்துவதா, வீட்டிற்கே ஆளை அனுப்பி ரத்தம் எடுப்பதா என்ற கேள்விக்கு நீண்ட விவாதம் வேண்டியதில்லை. வெறும் வயிற்றில் நகரின் வடகோடித் திருவொற்றியூரிலிருந்து தெற்கே சோழிங்கநல்லூர் போய்ச் சேர்வதற்குள் தலை சுற்றும். முடிவுகள் ஊழியரின் கைப்பேசிக்கு மட்டும் போக வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

மனநல ஆலோசனைக்கு நிறுவனங்கள் அமர்த்தும் காணொலி ஆலோசகர்களின் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மாமியார் கீரை ஆய்ந்துகொண்டும் பிள்ளை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டும் இருக்கும் அதே அறையில் உட்கார்ந்து, மனதில் உள்ளதை வாய்விட்டுச் சொல்ல யாரால் முடியும்? எழுத்து வழியாகப் பேசும் வசதியும், அழைப்பை வெளியே போய்ப் பேசுவதற்காக வேலை நேரத்திலேயே ஒரு மணி நேர விடுவிப்பும் இல்லாவிட்டால் அந்தச் சேவை பயன்படாமலே கிடக்கும். ஒன்றிய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இலவசமாக, நாள் முழுவதும், தமிழிலும் இயங்குகிறது; சிறிய நிறுவனம் காசு கொடுத்து வாங்க முடியாதபோது இந்த எண்ணையாவது ஊழியர் கண்ணில் படும்படி வைக்கலாம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைப்பது நேர வரம்பை. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்திற்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடும், இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடும் அதிகம். இரவு ஷிப்டுக்கு அலுவலகம் போனபோது கேப் வந்து நின்றதும் வேலை முடிந்துவிடும். வீட்டில் அப்படி ஒரு முடிவு இல்லை. விடியற்காலை நான்கு மணிக்கு முடிய வேண்டிய வேலை ஆறுவரை இழுக்கும். அதற்குள் தெருவில் தண்ணீர் லாரி வந்து, குடங்கள் வரிசையில் நிற்கத் தொடங்கிவிடும், பகல் உறக்கமும் போய்விடும். ஷிப்ட் முடிந்து அரைமணி நேரத்தில் உள்நுழைவைத் தானாகவே துண்டிக்கும் அமைப்பும், காலை எட்டு முதல் மதியம் இரண்டுவரை எந்த மேனேஜரும் அழைக்கக்கூடாது என்ற விதியும், எந்தச் சந்தாவைவிடவும் அதிகமாக உடம்பைக் காக்கும். பிரான்ஸ் 2017-இலும் ஆஸ்திரேலியா 2024-இலும் வேலை நேரத்திற்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைச் சட்டமாகவே கொண்டுவந்தன.

மின்கட்டணத்தையும் உடல்நலச் செலவாகவே நான் கருதுகிறேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின்கீழ் மே மாதத்தில் பகல் உறக்கம் ஏசி இல்லாமல் வராது. நாளும் எட்டு மணி நேரம் ஏசி ஓடும் வீடு இரண்டு மாதத்தில் 500 யூனிட்டை எளிதில் எட்டிவிடும், அதைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடுகிறது. கோடை மாதங்களில் மட்டும் ஒரு மின்சாரப் படி கொடுப்பது, ஜிம் சந்தாவுக்கு ஆகும் தொகையை இந்தப் பகுதி ஊழியருக்குச் சரியாகச் செலவிடும் வழி.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் வடசென்னையின் தாழ்வான தெருக்கள் நாள்கணக்கில் மூழ்கிக் கிடந்தன. அதே மாத இறுதியில், நள்ளிரவில், எண்ணூரில் அமோனியா கசிந்து மக்கள் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். அத்தகைய நாள்களில் அலுவலகத்திற்கு வருபவருக்கு அலுவலகம் விடுமுறை அறிவிக்கிறது, வீட்டிலிருந்து வேலை செய்பவரிடம் ஹாட்ஸ்பாட் இருக்கிறதா என்று கேட்கிறது. பேரிடர் நாள்களில் இருவருக்கும் ஒரே விடுமுறை, ஊழியர் வசிக்கும் இடத்தை வைத்தே அது முடிவாகும், இணையம் மீண்டும் வரும்வரை சம்பளம் பிடிக்கப்படாது என்ற மூன்று வரிகளை நியமன ஆணையிலேயே சேர்க்க வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குமுன் அதைச் செய்துவிடலாம்.