குதிரைத் திடலில் புழுதி: தண்ணீரா, உப்பா?

பயிற்சித் திடலில் புழுதி பறந்தால் முதலில் அவதிப்படுவது குதிரையின் நுரையீரல். மணல் அரைபடும்போது கிளம்பும் சிலிக்காத் தூசியைப் பயிற்சியாளரும் சேர்ந்தே சுவாசிக்கிறார். அதை அடக்கத் தண்ணீர் தெளிப்பதா, மெக்னீசியம் குளோரைடு உப்பு தூவுவதா?

செலவு
தண்ணீர்: 20 மீட்டருக்கு 60 மீட்டர் திடலில் 5 மில்லிமீட்டர் தெளிக்க 6,000 லிட்டர் வேண்டும். கோடையில் தினமும்.
உப்பு: தொடக்கத்தில் கையைக் கடிக்கும். அப்புறம் தண்ணீர்த் தேவை நன்றாகக் குறையும்.

உழைப்பு
தண்ணீர்: சீராக விழ வேண்டும், அதுதான் கஷ்டம். ஓரிடம் சொதசொதவென்றும் ஓரிடம் தூளாகவும் இருந்தால் குதிரையின் கால் தசைநாண்கள் அடிவாங்கும். தெளிப்பான் வாங்கும்போது இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.
உப்பு: தூவி, டிராக்டரால் கிளறிவிட்டால் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும்.

நீடிப்பு
தண்ணீர்: வெயில் ஏறினால் போச்சு.
உப்பு: கூரைக்கு அடியில் பல மாதம் தாங்கும். திறந்தவெளியில் மழை கரைத்துவிடும்.

பாதிப்பு
தண்ணீர்: அளவு மீறாதவரை ஒன்றுமில்லை.
உப்பு: இரும்பு துருப்பிடிக்கும், குளம்பு வறளும். சவாரி முடிந்ததும் கால்களைக் கழுவியே ஆக வேண்டும்.

கூரை உள்ள திடலுக்கு நான் உப்பைத்தான் சொல்வேன். குளிர்நாடுகளில் தரை உறைவதையும் அது தள்ளிப்போடும். திறந்த திடலுக்குத் தண்ணீர், அதுவும் அதிகாலையில். மணலே மாவாகிவிட்டதா? அப்படியானால் இரண்டுமே வீண், மணலை மாற்றுங்கள்.