கோயில் லைவ், கலியாண லைவ், செத்த வீட்டு லைவ்: ஆர்டிஎம்பி, எஸ்ஆர்டி, எச்எல்எஸ், வெப்ஆர்டிசி, எது எதற்கு?

யாழ்ப்பாணத்தில் இருந்து வெளிநாட்டுக்கு நேரலை போடுகிற எவரைக் கேட்டாலும் கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்பார்கள்: எதில் போட்டால் சுத்தாமல் ஓடும்? நல்லூர்த் தேர் காலை 7 மணிக்கு என்றால் ரொறன்ரோவில் அது முதல் நாள் இரவு 9.30. வேலையால் வந்து, குளித்துச் சாப்பிட்டு, பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்தி வைத்துக்கொண்டு சனம் பெரிய ரிவியில் பார்க்கிறது. தேர் அசைகிற அந்த நேரம் பார்த்துத் திரையின் நடுவில் வட்டம் சுத்தத் தொடங்கினால், ஒரு வருடமாகக் காத்திருந்தது அவ்வளவுதான், போச்சு.

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். பார்க்கிறவர் திருப்பிப் பேசத் தேவையில்லை என்றால், 20 செக்கன் பிந்தி வந்தாலும் பரவாயில்லை, நிற்காமல் வர வேண்டும். திருப்பிப் பேச வேண்டும் என்றால் படம் கொஞ்சம் கலங்கினாலும் பரவாயில்லை, பிந்தக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே முறையால் சாதிக்கப் பார்க்கிற இடத்தில்தான் எங்கள் ஊரில் பாதி நேரலைகள் கெட்டுப் போகின்றன.

இன்னொன்றையும் பிரித்து வைக்க வேண்டும். கமராவில் இருந்து சேர்வருக்கு ஏறுகிற பாதை ஒன்று. சேர்வரில் இருந்து பார்க்கிறவர் வீட்டுக்கு இறங்குகிற பாதை இன்னொன்று. ஏறுகிற பாதை ஒரே ஒரு இணைப்பு, அதுவும் அநேகமாகச் சனக்கூட்டத்துக்குள் திணறுகிற 4ஜி. இறங்குகிற பாதை ஆயிரக்கணக்கில் இருக்கும், ஆனால் அநேகமானவை நல்ல இணைப்பு. இரண்டுக்கும் மருந்து வேறு.

ஏறுகிற பாதையில் வீடியோவைக் கொண்டுபோகிற நெறிமுறைகளில் பழைய ராசா ஆர்டிஎம்பி. உலாவியில் வீடியோ ஓட்டப் பிளாஷ் பாவித்த காலத்தில் மக்ரோமீடியா நிறுவனம் செய்தது, பிறகு அடோபி கைக்குப் போய் 2009 இல் அதன் விவரக்குறிப்பு வெளியானது. பிளாஷ் 2020 இறுதியோடு செத்துப் போனாலும் ஆர்டிஎம்பி சாகவில்லை. யூடியூப்புக்கும் பேஸ்புக்குக்கும் ஓபிஎஸ் என்ற நேரலை மென்பொருளில் இருந்து லைவ் போடுகிற அநேகமானோர் இன்றைக்கும் அதையோ அதன் மறைகுறியாக்கிய வடிவமான ஆர்டிஎம்பிஎஸ்ஸையோதான் பாவிக்கிறார்கள். தளம் தருகிற இரகசியக் குறியீடான ஸ்ட்ரீம் கீயை ஒட்டினால் வேலை முடிந்தது. அந்தச் சுகத்தை வேறு எதுவும் இன்னும் தரவில்லை.

அதன் பலவீனம் டிசிபி, தரவைச் சின்னச் சின்னப் பொதிகளாக வரிசை தவறாமல் கொண்டுபோகிற இணைய முறை. டிசிபியில் ஒரு பொதி தொலைந்தால், அதற்குப் பின்னால் வந்து சேர்ந்தவை எல்லாம் அது திரும்பி வரும்வரை வரிசையில் காத்து நிற்கும். அதைவிடப் பெரிய பிரச்சினை, பொதி தொலைவதை நெரிசலின் அடையாளமாக எடுத்துக்கொண்டு டிசிபி தன் வேகத்தைக் குறைத்துவிடும். 1986 இல் இணையமே நெரிசலில் விழுந்த பிறகு வலையமைப்பு ஆய்வாளர் வான் ஜேக்கப்சன் 1988 இல் கொண்டுவந்த ஒழுங்கு அது. இணையத்தைக் காப்பாற்றிய ஒழுங்கு. ஆனால் ரேடியோ சிக்னலில் பொதி தொலைவதற்கு நெரிசல்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று இல்லை. கணக்குப் பார்த்தால் தெரியும்: போய்த் திரும்ப 200 மில்லி செக்கன் எடுக்கிற தூரத்தில், நூற்றுக்கு ஒரு பொதி தொலைந்தால், பழைய வகை டிசிபி இணைப்பு ஒன்றால் கிட்டத்தட்ட 0.7 எம்பிபிஎஸ்தான் கொண்டுபோக முடியும். ஸ்பீட் டெஸ்டில் 10 எம்பிபிஎஸ் காட்டினாலும் இதுதான் நிலை, ஏனென்றால் ஸ்பீட் டெஸ்ட் கிட்ட இருக்கிற சேர்வரோடு, பல இணைப்புகளை ஒன்றாகத் திறந்து அளக்கிறது. அதே ஒரு சதவீத இழப்பு, ஆனால் 50 மில்லி செக்கன் தூரம் என்றால் அதே கணக்கு 2.8 எம்பிபிஎஸ் தருகிறது. கியூபிக், பிபிஆர் போன்ற புதிய வேக ஒழுங்குகள் இதைவிடத் தாங்கும், என்றாலும் பாடம் மாறாது. சிங்கப்பூரிலோ மும்பையிலோ ஏற்றுகிற சேர்வர் கிடைத்தால் அமெரிக்கச் சேர்வரைத் தொடாதீர்கள்.

இதற்குப் பதில் எஸ்ஆர்டி. ஹைவிஷன் நிறுவனம் உருவாக்கி 2017 இல் திறந்த மூலமாக விட்டது. பொதிகளை வரிசைக்குக் காத்திராமல் அனுப்புகிற யுடிபி மேல் ஓடுகிறது. ஒவ்வொரு பொதிக்கும் இலக்கம் உண்டு. ஒன்று விடுபட்டால் வாங்குகிற பக்கம் அந்த இலக்கத்தை மட்டும் திருப்பிக் கேட்கும், மற்றவை வந்துகொண்டே இருக்கும். நீங்கள் ஒரு கால எல்லை கொடுக்கிறீர்கள். அந்த எல்லைக்குள் திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்ளும், வராவிட்டால் அதை விட்டுவிட்டு மேலே போகும். தானாக இருக்கிற எல்லை 120 மில்லி செக்கன். அதை அப்படியே விட்டுவிட்டு எஸ்ஆர்டி சரியில்லை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். போய்த் திரும்புகிற நேரத்தின் மூன்று, நான்கு மடங்காவது வேண்டும் என்பது பொதுவான வழக்கு. திருவிழாக் கூட்டத்துக்குள் போன் சிக்னலில் ஏற்றுவதென்றால் நான் 2000 மில்லி செக்கனே வைப்பேன். மொத்தத் தாமதம் எப்படியும் 20 செக்கனுக்குக் கிட்டப் போகப் போகிறது. அதில் இரண்டு செக்கன் மிச்சம் பிடித்து என்ன செய்யப் போகிறோம்?

எஸ்ஆர்டியின் குறை அது போய்ச் சேருகிற இடம். நேரே ஒரு ஸ்ட்ரீம் கீயை ஒட்டி பேஸ்புக்கில் விழுத்த முடியாது, நடுவில் ஒரு சேர்வர் வேண்டும். சிங்கப்பூரில் மாத வாடகைக்கு ஒரு சின்ன மெய்நிகர் இயந்திரம் எடுத்து, எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளை ஓடவிட்டு, எஸ்ஆர்டியில் வாங்கி ஆர்டிஎம்பிஎஸ்ஸில் தள்ளலாம். படத்தைத் திரும்பச் சுருக்கத் தேவையில்லாததால் இயந்திரத்துக்குப் பாரமே இல்லை. தொலைவுக்குப் பயப்படுகிற ஆர்டிஎம்பி அங்கிருந்து நல்ல கம்பியில் போகிறது, கரடுமுரடான பகுதியை எஸ்ஆர்டி பார்த்துக்கொள்கிறது. ஓபிஎஸ் 2020 இல் வந்த 25 ஆம் பதிப்பில் இருந்தே எஸ்ஆர்டியை ஏற்கிறது, எனவே கமராப் பக்கம் புதிதாக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை.

மண்டபக் கலியாணம் போன்ற இடத்தில் நல்ல ஃபைபர் இணைப்பு இருந்தால் இவ்வளவும் தேவையில்லை. ஆர்டிஎம்பியே போதும். ஓபிஎஸ்ஸின் மேம்பட்ட அமைப்புகளில், நெரிசல் வந்தால் பிட்ரேட்டை, அதாவது செக்கனுக்கு அனுப்புகிற தரவின் அளவைத் தானாகக் குறைக்கிற தெரிவு ஒன்று இருக்கிறது, அதை மட்டும் போட்டு வையுங்கள். கீழ்ப் பட்டியில் பிட்ரேட் விழத் தொடங்கினாலோ, விடுபட்ட பிரேம்களின் எண்ணிக்கை ஏறத் தொடங்கினாலோ குறை உங்கள் இணைப்பில். பிட்ரேட் விழாமல், விடுபட்ட பிரேம் பூச்சியத்தில் நிற்க, பார்க்கிறவருக்குச் சுத்துகிறது என்றால் குறை இறங்குகிற பாதையில். சண்டை பிடிக்க முதல் இதைப் பார்க்க வேண்டும்.

இனி இறங்குகிற பாதை. உண்மையான கண்டுபிடிப்பு நடந்தது இங்கேதான், இதன் கதை எனக்கு மிகவும் பிடித்த கதை. 1995 இல் இணையத்தில் ஒலி கேட்க ரியல்ஓடியோ வந்த காலத்தில், ஒவ்வொரு கேட்பவருக்கும் சேர்வர் ஒரு தனி ஓட்டத்தைத் திறந்து வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தது. ஒலி, ஒளி அனுப்புகிற நெறிமுறைகளான ஆர்டிபி 1996 இலும் ஆர்டிஎஸ்பி 1998 இலும் தரங்களாயின. யுடிபியில் ஒலி, ஒளியை நேரத்தோடு அனுப்ப இதுதான் சரியான வழி என்று கெட்டிக்காரர்கள் எல்லாரும் நம்பினார்கள், பாடப் புத்தகமும் அப்படித்தான் சொன்னது. அலுவலகங்களின் பயர்வோல்கள் யுடிபியை அடைத்தன. ஆயிரம் பேர் வந்தால் ஆயிரம் ஓட்டம். அதற்கென்று சிறப்புச் சேர்வர்.

பிறகு மூவ் நெட்வொர்க்ஸ் நிறுவனத்தின் முறை, 2008 இல் மைக்ரோசொப்டின் ஸ்மூத் ஸ்ட்ரீமிங், 2009 இல் அப்பிளின் எச்எல்எஸ் என்று வரிசையாக வந்தவை அந்த ஓட்டம் என்ற எண்ணத்தையே கைவிட்டன. வீடியோவைச் சில செக்கன் துண்டுகளாக வெட்டு, ஒவ்வொரு துண்டையும் சாதாரணக் கோப்பாகச் சாதாரண வெப் சேர்வரில் வை, பார்க்கிறவரின் பிளேயர் வேண்டிய துண்டை வேண்டிய தரத்தில் தானே எடுத்துக்கொள்ளட்டும். சேர்வருக்கு யார் பார்க்கிறார் என்ற நினைவே தேவையில்லை. புகைப்படத்தை எடுத்து வைக்கிற அதே சிடிஎன் கிடங்குகள், அதாவது ஊருக்கு ஊர் பிரதி வைத்திருக்கிற சேர்வர்கள், தேர்த் திருவிழாவையும் எடுத்து வைக்கும். ரொறன்ரோவில் ஒருவர் எடுத்த துண்டு பக்கத்துத் தெருக்காரருக்கு அங்கேயே தயாராக இருக்கும், யாழ்ப்பாணம்வரை யாரும் வரத் தேவையில்லை.

எச்எல்எஸ் துண்டுகளின் பட்டியல் கோப்பை ஒருதரம் நோட்பேடில் திறந்து பாருங்கள். வெறும் எழுத்துதான். மேலே ஒரு துண்டின் அதிகபட்ச நீளம், கீழே ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு வரி: எத்தனை செக்கன், என்ன கோப்பு. லைவ் என்றால் சில செக்கனுக்கு ஒருமுறை பிளேயர் இதே பட்டியலைத் திரும்ப எடுக்கும். மேலே பழைய வரிகள் மறைந்து கீழே புது வரி சேர்ந்திருக்கும். இவ்வளவுதான் பெரிய சூத்திரம். 2.5 எம்பிபிஎஸ் வீடியோவில் 6 செக்கன் துண்டு ஏறக்குறைய 1.9 மெகாபைட். பட்டியலின் முடிவில் இருந்து மூன்று துண்டாவது பின்னுக்கு நின்று தொடங்கச் சொல்கிறது விதி. அதனால் 18 செக்கன் பிந்துவது எச்எல்எஸ்ஸின் பழுதில்லை, வேண்டுமென்றே எடுத்து வைத்த இருப்பு. அப்பிள் முதலில் 10 செக்கன் துண்டு சொன்னது, பிறகு 6 ஆகக் குறைத்தது.

எங்கள் வீடுகளில் கிணற்று மோட்டரும் மேல் தாங்கியும் இருக்கிற மாதிரித்தான் இது. கரண்ட் வந்து வந்து போனாலும் தாங்கியில் தண்ணீர் இருக்கும்வரை குழாய் நிற்காது. பிளேயரில் பபர், அதாவது முன்கூட்டியே எடுத்து வைத்த இருப்பு, இருக்கும்வரை படம் நிற்காது. இதை வைத்தே தரத்தைத் தீர்மானிக்கலாம் என்று ஸ்டான்போர்ட் ஆட்கள் நெட்பிளிக்ஸோடு சேர்ந்து 2014 இல் காட்டினார்கள். அதுவரை பிளேயர்கள் முக்கியமாக இணைப்பின் வேகத்தை ஊகித்து அடுத்த துண்டின் தரத்தைத் தெரிவு செய்தன. ஊகம் பிழைத்தால் வட்டம். இவர்கள் வேகத்தை ஊகிப்பதைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, கையில் எவ்வளவு இருப்பு என்று மட்டும் பார்த்தார்கள்: குறைவாக இருந்தால் குறைந்த தரம், நிறைய இருந்தால் கூடிய தரம். நின்று நின்று போவது 10 முதல் 20 சதவீதம் குறைந்தது. நாளை எப்படி இருக்கும் என்று கணிப்பதைவிட இன்று கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது வென்ற இடம் இது.

டாஷ் பற்றி நீட்டத் தேவையில்லை. 2012 இல் வந்த சர்வதேசத் தரம், எண்ணம் அதே எண்ணம். யூடியூப்பும் நெட்பிளிக்ஸும் பாவிக்கின்றன. ஆனால் வெளிநாட்டுச் சனத்தின் கையில் ஐபோன் நிறைய இருக்கிறது, ஐபோன் உலாவி டாஷை நேரே ஓட்டாது. நீங்களே சொந்தத் தளத்தில் போடுவதென்றால் எச்எல்எஸ் போதும். முழுப் படமாக வருகிற பிரேமான கீபிரேமின் இடைவெளியை மட்டும் 2 செக்கன் என்று வையுங்கள், துண்டு வெட்டுகிற இடம் சரியாக விழும்.

சரி, வெப்ஆர்டிசி, உலாவிக்குள் வீடியோ அழைப்பு நடத்துகிற முறை. கூகிள் 2011 இல் திறந்து விட்டது, 2021 இல் முழுத் தரமானது. அரை செக்கனுக்குள் போய்ச் சேரும்; உலாவிக்குள்ளேயே நடக்கும். இதைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் இதில் போடலாமே என்று ஆசை வரும். தேருக்கும் கலியாணத்துக்கும் வேண்டாம். கையிருப்பு இல்லாததால் சிக்னல் தளம்பும்போதெல்லாம் படம் கலங்கும். ஒவ்வொரு பார்வையாளருக்கும் திரும்பவும் ஒரு திறந்த இணைப்பு, சாதாரணச் சிடிஎன் கிடங்குகள் உதவாது. அதோடு உலாவி மைக்கைத் திறக்கும்போது எதிரொலி நீக்கம், இரைச்சல் நீக்கம் எல்லாம் வழக்கமாகப் போட்டே இருக்கும். அவை பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. தவிலின் அடியையும் நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஒரே சீராக நிற்கிற சுருதியையும் இரைச்சல் என்று நினைத்து நறுக்கும். அவற்றை நிறுத்தாமல் மேளக் கச்சேரியை வெப்ஆர்டிசியில் அனுப்பவே கூடாது.

கலியாணத்தில் ஒரு மறுப்பு நியாயமானது. மாமி மண்டபத்தில் இருந்து வாட்ஸ்அப்பில் கதைத்துக்கொண்டிருப்பார், கெட்டிமேளம் போனில் கேட்டுவிடும், ரிவியில் மாப்பிள்ளை இன்னும் தாலியைக் கையில் எடுத்திருக்க மாட்டார். இதற்குக் குறைதாமத எச்எல்எஸ் இருக்கிறது, 2019 இல் அப்பிள் அறிவித்தது. துண்டை இன்னும் சின்னப் பகுதிகளாக்கித் தாமதத்தைச் சில செக்கனுக்குக் கொண்டுவரும். இருப்பும் அந்தளவுக்குக் குறையும். பார்க்கிறவர்கள் எல்லாரும் நல்ல இணைப்பில் இருந்தால் செய்யலாம். கிராமத்தில் அம்மம்மாவும் போன் டேட்டாவில் பார்க்கிறார் என்றால் நான் 18 செக்கனையே வைத்துக்கொள்வேன்.

செத்த வீடு வேறு. விசா கிடைக்காமலோ டிக்கெட் கிடைக்காமலோ வர முடியாத மகன் அங்கே இருக்கிறார். அவருக்குப் பார்க்க மட்டுமில்லை, அம்மாவோடு இரண்டு வார்த்தை கதைக்கவும் வேண்டும், ஐயர் கேட்பதற்குப் பதில் சொல்லவும் வேண்டும். இங்கே 18 செக்கன் கொடுமை. எனவே இரண்டு பாதை வைக்க வேண்டும்: ஊர்ச் சனம், உறவு, நண்பர்கள் எல்லாருக்கும் எச்எல்எஸ் அல்லது யூடியூப், பிள்ளைகளுக்கு மட்டும் தனி போனில் வீடியோ அழைப்பு. இரண்டும் வேறு வேறு சிம்மில், முடிந்தால் வேறு வேறு நிறுவனத்தின் சிம்மில். ஒரே இணைப்பில் இரண்டையும் ஏற்றினால் இரண்டும் ஒன்றோடொன்று இடிபட்டு இரண்டுமே கெடும். சிக்னல் மிகவும் மோசமென்றால் அழைப்பில் படத்தை நிறுத்திக் குரலை மட்டும் வைத்திருங்கள். ஒலியைச் சுருக்குகிற ஓபஸ் கோடெக் 24 கேபிபிஎஸ்ஸிலேயே பேச்சைத் தெளிவாகக் கொண்டுபோகும்.

2022 இல் இணையத் தரங்களை எழுதுகிற ஐஇடிஎஃப் அமைப்பு ஒரு குழு அமைத்து, யுடிபி மேல் ஓடுகிற குவிக் என்ற புதிய நெறிமுறை மேல் ஊடகத்தை அனுப்புகிற புது முறை ஒன்றை எழுதத் தொடங்கியது. ஏறுகிற பாதைக்கும் இறங்குகிற பாதைக்கும் ஒரே நெறிமுறை, நடுக் கிடங்குகளும் பயன்படும், தாமதமும் குறையும் என்பது நோக்கம். நான் ஆசையோடு கவனித்து வருகிறேன். ஆனால் அடுத்த திருவிழாவுக்கு என்னிடம் கேட்டால், கோயில் வீதியில் கடை வைத்திருக்கிற ஒருவரிடம் ஃபைபர் இணைப்பு வாங்குங்கள், கிடைக்காவிட்டால் எஸ்ஆர்டியும் சிங்கப்பூர் இயந்திரமும், 720பி, 2.5 எம்பிபிஎஸ். மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 1.1 ஜிபி போகும், டேட்டாவை முதல் நாளே போட்டு வையுங்கள்.